மூன்றாம் நம்பர் மோட்டாருக்கு அடியில்

ஆகஸ்ட் 18, திங்கள்

நான்கு கம்ப்ரஸர்களுக்கும் இன்று சென்ஸார் ஒட்டியாயிற்று. மில் கேண்டீனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கை முழுக்க கிரீஸ், பேனா வழுக்குகிறது.

கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் இருக்கிறது இந்தத் தறி மில். இங்கே நூலைக் காற்றுதான் ஊதி எடுத்துப்போகிறது. காற்றை அடைத்துக் கொடுக்கிற கம்ப்ரஸர் நின்றால் தறிகளும் நிற்கும். அது நிற்பதற்கு முன்பே 'நிற்கப் போகிறது' என்று கம்ப்யூட்டரைச் சொல்ல வைப்பதுதான் என் வேலை. சொல்ல எளிது.

பத்தொன்பது வருஷம் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியராக இருந்தேன். டிபார்ட்மென்டையே குஜராத்துக்குத் தூக்கினார்கள், நான் போகவில்லை. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து, மகள் ஓவியா பிளஸ் ஒன் கணக்குப் போட, பக்கத்தில் நான் செயற்கை நுண்ணறிவு படித்தேன். நாற்பத்து நான்கு வயதில் ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறேன் என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இப்போது ஐந்து பேரும் ஒரு தண்ணீர் கேனும் உள்ள ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். முதலாளி ஹரிசங்கருக்கு இருபத்தேழு வயது. அவர் என்னைச் சார் என்கிறார், நான் அவரைச் சார் என்கிறேன். யாருக்கு யார் அதிகாரி என்று வாட்ச்மேனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

தீபாவளிக்குள் இந்த மில் திருப்தி என்று சொன்னால் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் என்னை வைத்துக்கொள்ள முடியாது என்று ஹரிசங்கர் மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

காலையிலிருந்து நான்கு மெஷின்களுக்கும் நடுவே நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எங்கோ ஒரு ஒயர் கழன்றுவிட்டதாகத் தோன்றுகிறது.

வேலை இதுதான். ஒவ்வொரு மெஷினும் எப்படி அதிர்கிறது என்று ஆறு வாரம் கம்ப்யூட்டருக்குக் காட்ட வேண்டும். இதுதான் உன் மெஷினின் நார்மல், மனதில் வைத்துக்கொள் என்று பாடம். அதற்கப்புறம் அதிலிருந்து விலகினால் திரையில் சிவப்பு எரியும். விலகாதவரை பச்சை.

மூன்றாம் நம்பர் மட்டும் மற்ற மூன்றையும் விட அதிகமாக ஆடுகிறது. பக்கத்தில் நின்றால் செருப்பு வழியாகவே தெரியும். ஃபிட்டர் தங்கமுத்துவிடம் கேட்டேன். குரலுக்கு மைக் வேண்டாத ஆள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த மோட்டாரை இறக்கி வைத்தவரே அவர்தானாம்.

"அது கொணமே அப்படித்தானுங்க சார். வந்த அன்னைக்கே இப்படித்தான் ஆடுச்சு. ஆனா ராசியான மெஷினு. அது வந்தப்பறந்தான் மில்லு எந்திரிச்சுது" என்றார்.

ஹரிசங்கரிடம் போனில் சொன்னேன். ஒவ்வொரு மெஷினுக்கும் அதனதன் நார்மல், அதுதான் சார் நம்ம சிஸ்டத்தோட அழகு என்றார். சரி என்று விட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீட்டில். கோகிலா காலையிலேயே கிளம்பிப் போய்விட்டாள்.

போன மாதத்திலிருந்து வேலைக்குப் போகிறாள். எனக்குச் சம்பளம் இல்லாத வருஷம் அப்படிச் செய்துவிட்டது. ஏதாவது ஆபீஸ் வேலை என்றாலும் பரவாயில்லை. இவள் சேர்ந்திருப்பது பெண்களுக்கான டிரைவிங் ஸ்கூலில். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு செம்மண் மைதானம். அங்கே நடுத்தர வயதுப் பெண்கள் ஸ்கூட்டர் பழக, என் மனைவி பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். பார்த்தவர்கள் வந்து சொல்லும்போது எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

கல்யாண மண்டபத்தில், அவள் அப்பா, சித்தப்பா எல்லோரும் இருக்கும்போது, 'உங்க பொண்ணு ஒரு நாளும் வேலைக்குப் போய்க் கஷ்டப்பட வேண்டியதில்லைங்க' என்று சொன்னவன் நான். மாமனார் கண் கலங்கிவிட்டார். பதினேழு வருஷம் காப்பாற்றிய வாக்கு. இந்த மில் மட்டும் சரியென்று சொல்லட்டும், முதல் காரியம் அவளை வேலையிலிருந்து நிறுத்துவதுதான்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். போனில் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டே செய்தாள்.

செப்டம்பர் 6, சனி

மூன்று நாளாகச் சாயங்காலம் நான்கு மணிக்கு டேட்டா நின்றுவிடுகிறது, பத்து நிமிஷத்தில் திரும்ப வருகிறது. நெட்வொர்க்கா, மின்சாரமா, சென்ஸாரா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். ஹரிசங்கர் பெங்களூரில் இருக்கிற நண்பரைக் கேட்டு மூன்று பக்கத்துக்கு ஒரு மெயில் அனுப்பினார். இன்று அந்த நேரத்துக்கு ரூமுக்குள் ஒளிந்து நின்று பார்த்தேன். டேட்டா அனுப்புகிற பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு தங்கமுத்து டீ கெட்டிலைச் சொருகுகிறார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். இஞ்சி போட்டிருந்தது.

செப்டம்பர் 17, புதன்

கோகிலாவிடம் ஏதோ மாறியிருக்கிறது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

அவள் சுபாவம் அமைதி. பேச்சு குறைவு, மாலையானால் தலைவலி, நெற்றியில் தைலம் போட்டுக்கொண்டு சீக்கிரம் படுத்துவிடுவாள். எனக்கு அது பழகிவிட்டது. இப்போது சாப்பிடும்போது கதை சொல்கிறாள். யாரோ ஒரு டீச்சரம்மா பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை முறுக்கி இளநீர்க் கடைக்குள் போய் நின்றாராம். ஓவியா புரை ஏறுகிற அளவு சிரித்தாள். காலையில் சமையலறையில் பாட்டு வேறு. சுருதி சேரவில்லை.

தைலம் வாங்க வேண்டுமா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். பாட்டிலைப் பார்த்தேன். போன மாதம் வாங்கியது, மூடிகூடத் திறக்கவில்லை.

எதையாவது மறைக்கிறாளோ? வெயிலில் நின்று நின்று உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ? பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு போய் என் ஸ்டாப்பைத் தாண்டி இறங்கினேன்.

செப்டம்பர் 27, சனி

பாடம் முடிந்தது. நான்கு மெஷினும் பச்சை. மில் முதலாளி குமரகுரு வந்து திரையைப் பார்த்தார். ஐம்பது வயது, சந்தனப் பொட்டு, மில்லுக்குள் செருப்புப் போட மாட்டார். "பச்சையா இருக்கறது எல்லாருக்குந் தெரியுமுங்க. செவப்பு வந்தாத்தான் உங்க கெட்டித்தனம் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு சிவப்பு வந்தால் தேவலை என்று ஆகிவிட்டது. அடுத்தவன் மெஷின் கெட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பிழைப்பு.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வருஷத்திலேயே நான்கு கம்ப்ரஸர்களும் சேர்ந்து நிற்பது இந்தச் சமயத்தில்தான். நேற்றே நிறுத்திக் கழுவி, பச்சைப் பெயின்ட் அடித்து, பட்டை போட்டுச் சந்தனம் வைத்திருந்தார்கள். என் சென்ஸார்களுக்கும் ஆளுக்கொரு குங்குமப் பொட்டு. டேட்டா பெட்டிக்குச் செவ்வந்தி மாலை. கெட்டிலுக்கும் பொட்டு வைத்திருந்தார் தங்கமுத்து.

பூஜைத் தட்டில் கறுத்துப்போன ஒரு பழைய ஐந்து ரூபாய்க் காசு இருந்தது, அந்தத் தடித்த ரகம். நேற்று மூன்றாம் நம்பர் மோட்டாரைத் தூக்கி அடியில் துரு சுரண்டும்போது, ஒரு காலுக்குக் கீழே இருந்ததாம். குமரகுரு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மோட்டாரை இறக்கிய அன்று பூஜை போட்டு அவருடைய அப்பா தன் கையால் அடியில் வைத்த காசு. அதற்கடுத்த வருஷம் பெரியவர் தவறிவிட்டார். இத்தனை நாள் அதன்மேல்தான் மெஷின் ஓடியிருக்கிறது என்று சொன்னார். பத்திரமாக இருக்கட்டும் என்று காசைச் சாமி ரூமில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் பொரியும் கடலையும் இரண்டு வாழைப்பழமும். வீட்டில் கோகிலா ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினாள். தன் வண்டிக்கு என்று சொன்னாள். இதுவரை 'நம்ம வண்டி' என்றுதான் சொல்வாள்.

அக்டோபர் 3, வெள்ளி

வந்துவிட்டது சிவப்பு. மூன்றாம் நம்பர்!

காலையில் நான்கையும் ஓட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் திரையில் மூன்று மட்டும் ரத்தச் சிவப்பு. குமரகுருவின் போனுக்கும் எச்சரிக்கை போய்விட்டது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். உடனே நிறுத்தச் சொன்னேன். தறிகளில் பாதி நின்றது. திறந்து பார்த்தோம். பேரிங் புதிது மாதிரி இருக்கிறது, ஆயில் சுத்தம், பெல்ட் சரி. ஒரு கோளாறும் இல்லை. திரும்ப ஓட்டினால் திரும்பச் சிவப்பு.

தங்கமுத்துவுக்கே முகம் வெளுத்துவிட்டது. "சத்தமே இல்லாம ஓடுதுங்க சார். இது இப்படி ஓடி நான் பாத்ததே இல்ல. அதுதான் பயமா இருக்குது" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வெளியே தெரியாமல் உள்ளே வளர்கிற கோளாறுதான் ஆபத்தானது என்று எல்லோருக்கும் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன்.

சாயங்காலம் குமரகுரு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காசை எடுத்ததுதான் காரணம் என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அக்டோபர் 4, சனி

ஐயரை வரவழைத்தார்கள். தேங்காய் உடைத்து, மோட்டாரைத் தூக்கி, அதே காலுக்கு அடியில் அதே காசை வைத்து இறக்கி முறுக்கினார் தங்கமுத்து. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகக்கூட எதுவும் நடக்காது என்று நினைத்தேன்.

ஓட்டினார்கள். பழைய ஆட்டம், பழைய சத்தம். திரையில் பச்சை.

குமரகுரு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எங்கய்யன் காசுன்னு நாஞ் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். உங்க கம்ப்யூட்டரே சொல்லிப்போட்டுது பாருங்கோ" என்றார். சூலூரில் இருக்கிற அவர்களுடைய இரண்டாவது மில்லுக்கும் இதையே போடச் சொல்லிவிட்டார். ஹரிசங்கர் போனில் விசில் அடித்தார். வேலை நிரந்தரம், திங்கட்கிழமை ஆர்டர் கையில் என்றார்.

சந்தோஷமாக இருக்க வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மைசூர்பாகு வாங்கி வந்தேன். ஓவியாவையும் உட்கார வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். கோகிலாவிடம், இனி நீ மைதானத்துக்குப் போக வேண்டியதில்லை, நாளையிலிருந்தே நின்றுகொள், நான் கொடுத்த வாக்கைத் திரும்பக் காப்பாற்றிவிட்டேன் என்றேன்.

கோகிலா ஒன்றும் சொல்லவில்லை. சரி என்கிற மாதிரிதான். மைசூர்பாகை விண்டு பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, தலை வலிக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்தாள். நானே தைலத்தைத் திறந்து கொடுத்தேன். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. வீடு பழையபடி ஆயிற்று. இரண்டு மாதமாக என்னவோ ஏதோ என்று இருந்தது, இப்போதுதான் எனக்கு நிம்மதி.

ஓவியா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இந்த வயதுப் பிள்ளைகள் அப்படித்தான்.

அக்டோபர் 7, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சூலூர் மில்லுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும் என்று ஹரிசங்கர் கேட்டார். காசு இல்லாமல் ஓடிய அன்று, காசு வைத்த பிறகு என்று மூன்றாம் நம்பரின் அதிர்வைக் கோடு போட்டுக் காட்டினால் அழகாக இருக்குமாம். இதுவரை நான் சிவப்பையும் பச்சையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுதான் சென்ஸார் அனுப்பிய அளவுகளை அப்படியே எடுத்து வரைந்தேன்.

சிவப்பு எரிந்த நேரத்தில் அதிர்வு ஏறவில்லை. இறங்கியிருக்கிறது. பழைய அளவில் மூன்றில் ஒரு பங்குதான். மற்ற மூன்று மெஷின்களை விடவும் குறைவு. காசை வைத்ததும் பழையபடி குதிக்கிறது.

தப்பாக வரைந்துவிட்டேன் என்று மூன்று தரம் திரும்ப வரைந்தேன். அதே கோடு.

மோட்டாருக்கு நான்கு கால். ஒன்றுக்குக் கீழே மட்டும் காசு. மற்ற மூன்றையும் இறுக்கினால் உடம்பே முறுக்கிக்கொள்ளும். வந்த நாள் முதல் கோணலாக நின்றுகொண்டுதான் அந்த மெஷின் ஓடியிருக்கிறது. காசை எடுத்த அந்தச் சில மணி நேரம்தான் அது சுகமாக இருந்திருக்கிறது. அதைப் போய் நோய் என்று நிறுத்தியவன் நான். என் கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. 'முன்பு போல இல்லை' என்றுதான் அது சொன்னது. கெட்டுப்போய்விட்டது என்று படித்தது நான்.



அக்டோபர் 8, புதன்

ஹரிசங்கரிடம் கோட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். புத்திசாலிப் பையன், உடனே புரிந்துவிட்டது. "சார், கிளையன்ட் சந்தோஷமா இருக்காங்க. தீபாவளி போகட்டும். அப்புறம் சத்தமில்லாம புதுசா டிரெய்ன் பண்ணிக்கலாம். இப்ப சொன்னா ரெண்டு மில்லும் போயிடும், உங்க வேலையும் போயிடும்" என்றார். மிரட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

மழை. கோகிலாவின் செருப்பு வாசலில் செம்மண்ணாகக் கிடந்தது. மார்க்கெட்டுக்குப் போயிருப்பாள்.

அக்டோபர் 10, வெள்ளி

தங்கமுத்துவிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். மூன்றாம் நம்பருக்கு வருஷா வருஷம் பேரிங் மாற்றுவாராம். மற்றவற்றுக்கு அப்படி இல்லை. அது கொஞ்சம் தீனி அதிகம் தின்கிற மெஷின் என்று செல்லமாகச் சொன்னார். காசு வைத்த காலில்தான் போல்ட் அடிக்கடி தளர்கிறதாம், இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஒரு காசுக்குப் போய் இத்தனை பெரிய மோட்டார் ஆடுமா என்று கேட்டேன். அதெல்லாம் ஆடாது என்றார். இறக்கி வைத்தவர் அவர், வேறெப்படிச் சொல்வார்?

டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தக் காலின் போல்ட்டில் கழுத்தைச் சுற்றி மயிரிழை அளவு விரிசல். புதிய பெயின்ட்டின் மேலேயே தெரிகிறது. அதைக் கையால் தொட்டபடி தங்கமுத்து பேசிக்கொண்டிருக்கிறார். ஓடுகிறபோது அந்த போல்ட் அறுந்தால் யார் பக்கத்தில் நிற்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அவர்தான் நிற்பார், கெட்டிலோடு.

திரையில் பச்சை. பளிச்சென்ற பச்சை.

வீட்டில் கோகிலாவுக்கு இரண்டு மூன்று நாளாகத் தலைவலி இல்லை. என் வேலை நிலைத்ததில் மனசு லேசாகியிருக்கும். அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அக்டோபர் 13, திங்கள்

சொல்லிவிட்டேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்ததில் ஓவியா, அப்பா உனக்கே சென்ஸார் வைக்கணும் என்றாள். இன்று காலை மில்லுக்குப் போனதும் குமரகுருவை நேராகக் கம்ப்ரஸர் ரூமுக்குக் கூட்டிப்போனேன். கோடு போட்ட படத்தைக் காட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரியும். பம்ப் கம்பெனியில் இருந்தபோது நாங்கள் செய்கிற ஒரு சோதனை ஞாபகத்துக்கு வந்தது.

என் பாக்கெட்டிலிருந்து ஒரு பத்து ரூபாய்க் காசை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த ஒன்றாம் நம்பர் மோட்டாரின் தலைமேல் நெட்டுக்குத்தாக நிறுத்தினேன். கொஞ்ச நேரம் நின்று பிறகு சாய்ந்தது. மூன்றாம் நம்பர் மேல் வைத்தேன். கையை எடுப்பதற்குள் விழுந்து உருண்டு சுவரோரம் போயிற்று. குமரகுருவே ஒரு தரம் வைத்துப் பார்த்தார். நிற்கவில்லை. தங்கமுத்து தன் பங்குக்கு வைத்தார், அதுவும் நிற்கவில்லை.

இப்போது உங்கள் அப்பா காசை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்றேன்.  விரிசல் விட்ட போல்ட்டைக் காட்டினேன். குமரகுரு குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தங்கமுத்துவைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

மோட்டாரைத் தூக்கிக் காசை எடுத்தார்கள். போல்ட்டையும் மாற்றினார் தங்கமுத்து. ஓட்டினார்கள். என் போன் அலறியது, திரையில் சிவப்பு. போனை அணைத்தேன். அந்தக் கறுத்த ஐந்து ரூபாயை வேட்டியில் துடைத்து மூன்றாம் நம்பரின் தலைமேல் நிறுத்தினார் குமரகுரு. விரலை எடுத்தார்.

நின்றது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். நின்றுகொண்டே இருந்தது.

"அப்ப பதினோரு வருஷமா எங்கய்யன்தான் மெஷினக் கெடுத்தாருங்களா?" என்று கேட்டார். கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நல்ல மனசோட வெச்சதுதானுங்க. வெச்ச எடந்தான் தப்பு" என்றேன்.

"உங்க பெட்டி பச்ச காட்டுச்சே?"

"கோணலா நிக்கறதத்தான் நல்லாருக்குதுன்னு நான் அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டனுங்க. வந்தன்னைக்கே அது ஆடறதப் பாத்தேன். எல்லாரும் அதோட கொணம்னு சொன்னாங்க, நானும் விட்டுட்டேன்."

குமரகுரு காசை எடுக்கவில்லை. ஓடுகிற மோட்டாரின் மேலேயே அது நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, "எங்கய்யன் இப்பத்தான் நிம்மதியா நிக்கறாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வாசலில் நின்று திரும்பினார். சூலூர் பேச்சு இப்போது வேண்டாம், அன்றைக்கு அவசரப்பட்டுக் கட்டிப்பிடித்துவிட்டேன் என்றார். தீபாவளி கழித்து முதலிலிருந்து காட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

ஹரிசங்கரிடம் போனில் சொன்னேன்.  சரி சார், என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியலை என்றார். பாவம்.

தங்கமுத்து டீ கொடுத்தார். நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

நேற்று வீட்டில் சொல்லவில்லை. வாய் வரவில்லை. இன்று மத்தியானமே கிளம்பிவிட்டேன். வேலை மறுபடி அந்தரத்தில், நான் கொடுத்த வாக்கும் அந்தரத்தில். அதைவிட, அவளை நிறுத்தி ஒரு வாரம்தான் ஆகிறது, மறுபடி போ என்று எந்த முகத்தோடு சொல்வது? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன்.

வீடு பூட்டியிருந்தது. ஸ்கூட்டரும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. வாசலில் நின்றபோது எனக்கு அந்தச் செம்மண் செருப்பு ஞாபகம் வந்தது. மார்க்கெட்டு வரை தார் ரோடு.

நடந்தே மைதானத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு முறைக்காகக் காத்திருந்தார்கள். நடுவில் ஒரு பருத்த அம்மாள் ஸ்கூட்டரில். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சேலையைத் தூக்கிச் சொருகிய கோகிலா ஓடுகிறாள். "கீழ பாக்காதீங்கோ அக்கா, தூரமாப் பாருங்கோ, நான் புடிச்சிருக்கறேன்" என்று கத்திக்கொண்டே கையை விட்டுவிட்டாள். அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. வண்டி தானாகப் போகிறது. கோகிலா நின்ற இடத்திலேயே இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். மைதானம் முழுக்கக் கேட்கிற சிரிப்பு. பதினேழு வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. இவளுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.  வெட்கமாக இருந்தது.

என்னைப் பார்த்துவிட்டாள். பயப்படவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

நீ வேலையை விட்டு நின்றுவிட்டதாக அல்லவா நினைத்தேன் என்றேன்.

"நின்னுக்கோன்னு நீங்க சொன்னீங்க. சரின்னு நாஞ் சொல்லலீங்களே" என்றாள்.

சொல்லவில்லைதான். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன், கோகிலா ஒன்றும் சொல்லவில்லை என்று. சரி என்று படித்துக்கொண்டது நான்.

மில் விஷயத்தைச் சொன்னேன். தயார் பண்ணி வைத்த வாக்கியம் எதுவும் வரவில்லை, கோணல் மாணலாகக் கொட்டினேன். காசு, கால், சிவப்பு, சூலூர், தீபாவளி.  வேலை போனாலும் போகும் என்றேன். தலையை ஆட்டினாள். வேப்பமரத்தடியிலிருந்து யாரோ டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அவளைத்தான்.

வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். தைலம் வாங்கியிருக்கிறேன், மாத்திரை வாங்கியிருக்கிறேன், கண் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறேன். ஒன்றுதான் கேட்டதில்லை. அதையும் கேட்டேன், அது எப்போதுதான் வருகிறது என்று.

"ஊட்ல இருந்தா வருமுங்க" என்றாள்.

கையில் இருந்த ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளை வண்டியில் ஏற்றப் போனாள்.